நாலு செடி, ஒரு வீடு: கனடாவில் கஞ்சா வளர்க்கத் தொடங்குமுன்

செப்டெம்பர் மாதத்தில் ரொறன்ரோவின் ஸ்கார்பரோப் பகுதியில் ஏதாவது ஒரு குடியிருப்புத் தெருவில் பின்னேரம் நடந்து பாருங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளி பழுத்திருக்கும், பாகற்கொடி பந்தலில் தொங்கும். நடுவில் எங்கிருந்தோ ஒரு வாசனை வந்து மூக்கில் ஏறும். எலுமிச்சைத் தோலும் பச்சைப் புல்லும் கலந்தது போல இருக்கும், அதற்குள்ளே பெயர் சொல்லத் தெரியாத ஒரு வீச்சமும் இருக்கும். பத்து வருடத்துக்கு முன்னால் அந்த வாசனை வந்தால் யாராவது பொலிசைக் கூப்பிட்டிருப்பார்கள். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்வதோடு சரி.

எங்கள் குடும்பத்திலேயே ஒரு மருமகன் கேட்டான்: "மாமா, நாலு செடி வைக்கலாம்தானே? சட்டம் விட்டிருக்குதானே?" விட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியில் அவன் கவனிக்காத ஒன்று உண்டு. கனடாவின் சட்டம் நாலு செடியை ஒரு ஆளுக்குக் கொடுக்கவில்லை, ஒரு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறது. வீட்டில் கஞ்சா வளர்ப்பதைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்திலிருந்துதான் வருகின்றன. மண், உரம், விளக்கு பற்றிச் சொல்ல இணையம் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு.

முதலில் சட்டம். 2018 ஒக்டோபர் 17 முதல் கனடாவில் கஞ்சாச் சட்டம் நடைமுறையில் உள்ளது. நாடு முழுவதும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியதில் உருகுவே முதல் நாடு, கனடா இரண்டாவது. கனடாவின் கூட்டாட்சிச் சட்டப்படி, வயதுவந்த ஒருவர் தான் வழக்கமாக வசிக்கும் வீட்டில், அந்த வீட்டைச் சேர்ந்த வளவையும் சேர்த்து, நாலு செடிவரை வளர்க்கலாம். வீட்டில் ஐந்து பெரியவர்கள் இருந்தாலும் நாலுதான். அப்பா, அம்மா, கல்யாணமான மகன், மருமகள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நம் குடும்பங்களில் "எனக்கு நாலு, அவனுக்கு நாலு" என்று கணக்குப் போட முடியாது. வயதெல்லை மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஒன்ராறியோவில் 19, அல்பேர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21.

ஜெர்மனி இதை வேறு மாதிரி எண்ணுகிறது. அங்கே 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்த ஒவ்வொருவருக்கும் மூன்று செடி. கணவனும் மனைவியும் இருந்தால் ஆறு. உருகுவேயில் பதிவு செய்துகொண்ட வீட்டுக்கு ஆறு. ஆளை எண்ணுவதா வீட்டை எண்ணுவதா என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் அரசாங்கம் எதைப் பார்த்துப் பயப்படுகிறது என்பதை அந்த எண்ணிக்கையே காட்டிவிடும். கனடா பயந்தது வீடுகளைப் பார்த்து.

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் ரொறன்ரோவைச் சுற்றிய புறநகர்களிலும் வன்கூவர் பக்கமும் வாடகைக்கு எடுத்த வீடுகள் பல முழுக்க முழுக்கக் கஞ்சாத் தோட்டங்களாக மாறின. வெளியிலிருந்து பார்த்தால் திரைபோட்ட சாதாரண வீடு. உள்ளே மீற்றரைத் தாண்டித் திருடிய மின்சாரம், சுவரில் ஓட்டை, கூரை வரை பூஞ்சணம். அப்படிப்பட்ட வீட்டைத் தெரியாமல் வாங்கிச் சுவரைப் பிரித்துப் பார்த்துத் தலையில் கைவைத்தவர்கள் நம் சனங்களிலும் உண்டு. 2004 ஜனவரியில் பாரி நகரில், நெடுஞ்சாலையில் போகிற எல்லாருக்கும் தெரியும் பழைய மோல்சன் பீர் ஆலைக்குள்ளேயே ஆயிரக்கணக்கான செடிகளைப் பொலிஸ் கண்டுபிடித்தது. வீட்டு வளர்ப்பு என்றதும் கனடாவில் ஒரு தலைமுறைக்கு இந்தக் காட்சிகள்தான் கண்முன் வரும்.

அப்படியிருக்க அரசாங்கம் ஏன் வீட்டு வளர்ப்பை அனுமதித்தது? பதில் நீதிமன்றத்தில் இருக்கிறது, அங்கே போய் நின்றவர்கள் நோயாளிகள். ரொறன்ரோவைச் சேர்ந்த டெரன்ஸ் பார்க்கர் வலிப்பு நோய்க்காரர். தன் நோயை அடக்கத் தானே செடி வளர்த்தார், வழக்கில் மாட்டினார். 2000 ஜூலை 31 அன்று ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம், மருத்துவத் தேவை உள்ளவருக்கு விலக்குக் கொடுக்காமல் கஞ்சாவைத் தடைசெய்வது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டத்தைச் சரிசெய்ய அரசாங்கத்துக்கு ஒரு வருடம் தவணை. அந்தத் தவணை முடிகிற நேரத்தில், 2001இல், மருத்துவக் கஞ்சா விதிகள் வந்தன. அனுமதி பெற்ற நோயாளி தானே வளர்க்கலாம், அல்லது தனக்காக ஒருவரை வளர்க்கச் சொல்லலாம்.

பிறகு அரசாங்கம் மனம் மாறியது. புதிய விதிகள் கொண்டுவந்து, 2014 ஏப்ரலிலிருந்து வீட்டு வளர்ப்பை நிறுத்தி, உரிமம் பெற்ற கம்பெனிகளிடம் வாங்கு என்றது. நோயாளிகள் மறுபடியும் நீதிமன்றம் போனார்கள். அதுதான் அலார்ட் வழக்கு. 2016 பெப்ரவரி 24 அன்று கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி மைக்கல் பெலன் நோயாளிகள் பக்கம் தீர்ப்பளித்தார். தீ, பூஞ்சணம், திருட்டு என்று அரசாங்கம் அடுக்கிய ஆபத்துகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அவற்றுக்காக வீட்டு வளர்ப்பையே முழுதாகத் தடைசெய்வது நியாயமில்லை என்பதுதான் அவர் வந்துசேர்ந்த முடிவு. அதே வருடம் ஓகஸ்ட்டில் நோயாளிகளின் வீட்டு வளர்ப்பு திரும்பி வந்தது.

எல்லாருக்குமாகச் சட்டம் எழுதும்போது இந்தத் தீர்ப்பு பின்னணியில் இருந்தது. முன்னாள் அமைச்சர் ஆன் மக்லெலன் தலைமையில் அமைந்த குழு 2016 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில்தான் வீட்டுக்கு நாலு என்ற எண் வந்தது. செடியின் உயரம் 100 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது என்றும் அந்தக் குழு சொன்னது. அந்த உயரக் கட்டுப்பாடு முதலில் மசோதாவிலும் இருந்தது. ஒரு மழைக்கு 101 ஆகிவிட்டால் குற்றமா, பொலிஸ் அளவுகோலோடு வந்து நிற்குமா என்ற கேள்விகளுக்கு நல்ல பதில் இல்லாததால் நாடாளுமன்றக் குழு நிலையிலேயே அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி என்பேன். நிலத்தில் நட்டு நல்ல வெயில் கிடைத்த செடி ஆள் உயரத்தைத் தாண்டும், அதைக் கட்டைவிரலால் அமுக்கி வைக்க முடியாது.

மாகாணங்கள் விரும்பினால் வீட்டு வளர்ப்பைத் தடைசெய்யலாம் என்று நாடாளுமன்றத்தின் மேலவையான செனற் ஒரு திருத்தம் கேட்டது. அரசாங்கம் ஏற்கவில்லை. ஆனாலும் கியூபெக்கும் மானிட்டோபாவும் தடை போட்டன. கியூபெக்கின் தடை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஏப்ரல் 14 அன்று நீதிபதிகள் ஒருமனதாக, கியூபெக் அப்படித் தடைசெய்யலாம் என்றார்கள். மானிட்டோபா 2025 மே மாதத்தில் தன் தடையைத் தானே நீக்கியது. ஆக மொன்றியலில் இருக்கும் தமிழர் ஒருவருக்கு ஒரு செடிகூடக் கிடையாது, ஒட்டாவா ஆற்றைத் தாண்டி ஒன்ராறியோவுக்குள் வந்தால் நாலு.

சரி, ஒன்ராறியோவிலேயே இருக்கிறீர்கள், வயதும் சரி. அடுத்தது வீடு யாருடையது என்பது. வாடகை வீடென்றால் லீஸ் எடுத்து வரிவரியாகப் படியுங்கள். லீஸ் தடுத்தால் சட்டம் கொடுத்த நாலும் அங்கே கிடையாது. கொண்டோ, அதாவது அடுக்குமாடியில் சொந்தமாக வாங்கிய வீடு, என்றால் கட்டிடத்தின் விதிகள். 2018க்கு முன்பும் பின்பும் பல கொண்டோ நிர்வாகங்கள் வளர்ப்பையும் புகைப்பதையும் தடைசெய்து விதி எழுதிவிட்டன. சொந்த வீடாக இருந்தாலும் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தைப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம். பேஸ்மென்ட்டில் வாடகைக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடும் பேசுங்கள். மேலே நாலு, கீழே நாலு என்று இரண்டு தரப்பும் தனித்தனியே தொடங்கிவிட்டுப் பிறகு கணக்குப் பார்க்கும் நிலை வேண்டாம். வெளியில் நடுவதற்கும் மாகாணத்துக்கு மாகாணம் விதி உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பொது இடத்திலிருந்து செடி கண்ணில் படக்கூடாது. நியூ பிரன்ஸ்விக்கில் பூட்டுப் போட்ட வேலிக்குள் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் தாண்டினால் விதை. சட்டபூர்வமாக விற்கும் இடத்தில் வாங்கிய விதையாக அல்லது நாற்றாக இருக்க வேண்டும். ஒன்ராறியோவில் அரசுக் கடையின் இணையதளத்திலும் உரிமம் பெற்ற கடைகளிலும் கிடைக்கும். வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகக் கண்டதைத் தபாலில் வரவழைப்பது, சின்ன உறைதானே என்று தோன்றினாலும், எல்லை தாண்டிய கடத்தல் என்ற கணக்கில்தான் விழும்.

விதையைப் பற்றி யாழ்ப்பாணத்து ஆட்களுக்குப் புரியவைப்பது சுலபம். பனையை நினையுங்கள். ஆண் பனை வேறு, பெண் பனை வேறு, நொங்கு பெண்ணில்தான். கஞ்சாவும் அப்படித்தான், ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆளை மயக்கும் சரக்கு சேர்வது பெண் செடியின் பூவில். அந்தப் பூவைச் சுற்றி, உற்றுப்பார்த்தால் உப்புத் தூவியது போல மின்னும் நுண்ணிய பிசின் முடிகள் இருக்கும். ஆண் செடி ஒன்று பக்கத்தில் பூத்து மகரந்தத்தைக் காற்றில் விட்டால் பெண் செடி விதை பிடிக்கத் தொடங்கிவிடும், பூவின் தரம் போய்விடும். நாலு செடி என்ற கட்டுப்பாட்டுக்குள் இரண்டு ஆணாகிப்போனால் பருவமே வீண். அதனால்தான் கடைகளில் பெண் செடியே முளைக்கும்படி தயாரித்த விதைகளை அதிகம் விற்கிறார்கள்.

இன்னொரு வகையும் கடைகளில் இருக்கும். சாதாரணக் கஞ்சா செவ்வந்தியைப் போன்றது. இரவு நீளத் தொடங்கினால்தான் பூக்கும். செவ்வந்தி ஏன் கோடை முடிந்து பூக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரிந்த கதைதான். ரஷ்யா போன்ற குளிர்ப் பிரதேசங்களில் காடாக வளரும் ஒரு குட்டை இனத்துக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, வயதானதும் பூத்துவிடும். அதன் கலப்பில் வந்த விதைகளைத் தானாகப் பூப்பவை என்கிறார்கள். ரொறன்ரோவின் சுருங்கிய கோடைக்கு, முதல் தடவை முயல்பவருக்கு, இவை பொருந்தும். செடி சிறிதாக இருக்கும், பூச்சாடியிலேயே முடிந்துவிடும், குளிர் வருமுன் வேலையும் முடியும்.

மற்ற வகையை வெளியில் நட்டால் ரொறன்ரோவின் நாட்காட்டியோடு மல்லுக்கட்ட வேண்டும். மே மாதத்து விக்டோரியா நாள் வார இறுதியில்தான் நம் ஆட்கள் மிளகாயும் கத்தரியும் நிலத்தில் வைப்பார்கள், அதற்கு முன் வைத்தால் உறைபனி தின்னும் என்று தெரியும். கஞ்சாவுக்கும் அதே கணக்கு. ஓகஸ்ட்டில் பூக்கத் தொடங்கி, செப்டெம்பர் கடைசி, ஒக்டோபர் என்று முற்றும். அது மழைக்காலம், குளிர் ஏறும் காலம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். ஒரு நண்பரின் வீட்டுப் பின்வளவில் நானே பார்த்தேன். கைமுட்டி அளவு தடித்த பூ, வெளியே எந்தக் குறையும் இல்லை. ஒரேயொரு சின்ன இலை மட்டும் வாடிப் பழுப்பாக இருந்தது. அவர் அதை இழுத்தார், இழுத்த இழுப்பில் கையோடு வந்தது. பூவைப் பிளந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சுபோலப் பூஞ்சணம். ஸ்ட்ரோபெரியில் வரும் அதே சாம்பல் பூஞ்சணம்தான். நாலு மாதம் தண்ணீர் ஊற்றியவருக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் புகைக்கலாமே என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். வேண்டாம். பூஞ்சணம் பிடித்த பூவை நுரையீரலுக்குள் இழுப்பது, முக்கியமாக நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, உயிரோடு விளையாடுவது. நண்பர் முழுச் செடியையும் பையில் கட்டி எறிந்தார்.

வீட்டுக்குள் வளர்த்தால் பனியும் மழையும் இல்லை, ஆனால் வேறு தொல்லைகள். குளிர்காலத்தில் கறிவேப்பிலையை உள்ளே கொண்டுவந்து விளக்குப் போட்டுக் காப்பாற்றியவருக்கு ஒரு செடி எவ்வளவு வெளிச்சம் கேட்கும் என்பது தெரிந்திருக்கும். கஞ்சா அதைவிடப் பல மடங்கு கேட்கும். இலைகள் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும், காற்றோட்டம் இல்லாத பேஸ்மென்ட்டில் அந்த ஈரம் சுவருக்குப் போகும். பூக்க வைக்க வேண்டுமென்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 மணிநேரம் குலையாத இருட்டு வேண்டும், நடுவில் யாராவது வந்து விளக்கைப் போட்டால் செடி குழம்பும். விளக்கு, விசிறி, ஈரம் இழுக்கும் கருவி எல்லாவற்றையும் ஒரே நீட்டுக் கம்பியில் செருகுவது தீயைக் கூப்பிடுவதுதான். மின்வேலை தெரிந்தவரிடம் காட்டாமல் அதைத் தொடாதீர்கள். வாசனையை முழுதாக மறைக்க எந்த வழியும் இல்லை, குறைக்கக் கரி வடிகட்டி இருக்கிறது. இத்தனையும் வாங்கிப் போட்டுக் கணக்குப் பார்த்தால் முதல் அறுவடை கடையில் வாங்குவதைவிட மலிவாக வராது. அதை முன்கூட்டியே தெரிந்து தொடங்குவது நல்லது.

அறுவடைக்குப் பிறகு இரண்டு விஷயம் மட்டும். பச்சைப் பூவில் இருப்பது அமில வடிவம், சூடு பட்டால்தான் அது ஆளை மயக்கும் பொருளான டிஎச்சியாக (THC) மாறுகிறது. அந்த டிஎச்சியைத் தனியே பிரித்து அதன் அமைப்பை 1964இல் சொன்னவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த ரபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும். வீட்டில் பூவை எண்ணெயிலோ வெண்ணெயிலோ சேர்ப்பவர்களுக்கு, எத்தனை மில்லிகிராம் ஒரு துண்டில் இருக்கிறது என்று அளக்க வழி கிடையாது. கடைச்சரக்கில் பொதிக்குப் பத்து மில்லிகிராம்தான் உச்சம் என்று சட்டம் வைத்ததற்குக் காரணம் உண்டு. சாப்பிட்டால் ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணிநேரம் ஆகும், ஏறவில்லையே என்று இன்னொரு துண்டு தின்றவர்கள்தான் அவசரப் பிரிவில் படுத்திருக்கிறார்கள். பியூட்டேன் போன்ற கரைப்பான்களால் சாறு இறக்குவது வீட்டில் சட்டவிரோதம், வெடித்த வீடுகள் உண்டு.

பிள்ளைகள் உள்ள வீடென்றால் பூட்டு வேண்டும். சாப்பிடும் வடிவங்கள் கடைக்கு வந்த பிறகு ஒன்ராறியோவில் கஞ்சாவைத் தெரியாமல் தின்று மருத்துவமனைக்கு வந்த சிறு பிள்ளைகள் பல மடங்கு கூடினார்கள். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், குடும்பத்தில் மனநோய் இருந்தவர்கள், இருபதுகளின் நடுப்பகுதியைத் தாண்டாத இளையவர்கள் இதிலிருந்து தள்ளியிருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. என் மருமகனுக்கும் இதைத்தான் முதலில் சொன்னேன், அவனுக்கு வயது 22.

விளைந்ததை விற்க முடியாது. வயதுவந்த இன்னொருவருக்கு 30 கிராம்வரை இலவசமாகக் கொடுக்கலாம். பொது இடத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய அளவும் காய்ந்த பூவில் 30 கிராம்தான். பூத்த செடியைத் தூக்கிக்கொண்டு தெருவில் போவதே குற்றம்.

நம் சமூகத்துக்கு இதில் தனியான ஒரு ஆபத்து இருக்கிறது, அதைப் பேசாமல் விடுவது துரோகம். குடியுரிமை இல்லாமல் நிரந்தர வதிவுரிமையோடு இருப்பவர்கள் நம்மிடையே நிறைய. சட்டத்துக்கு மீறி வளர்ப்பதற்கும் விற்பதற்கும் உச்சபட்சத் தண்டனை 14 வருடம். நீதிபதி அபராதத்தோடு விட்டாலும், குடிவரவுச் சட்டம் பார்ப்பது கொடுத்த தண்டனையை மட்டும் அல்ல. அந்தக் குற்றத்துக்குப் பத்து வருடமோ அதற்கு மேலோ கொடுக்க முடியுமா என்றும் பார்க்கும். முடியுமென்றால் அது பாரதூரமான குற்றம், நாட்டைவிட்டு அனுப்பும் உத்தரவு வரைக்கும் போகலாம். சிறிய மீறலை டிக்கெட்டோடு முடிக்க வழியுண்டு, ஆனால் அதை நம்பி எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது. இப்படி ஒரு குற்றச்சாட்டு வந்தால் குற்றவியல் வழக்கறிஞரோடு நிற்காமல் குடிவரவு வழக்கறிஞரையும் பாருங்கள், ஒப்புக்கொள்வதற்கு முன்னால்.

பயணத்தின்போது ஒரு பொட்டுக்கூடக் கையில் வேண்டாம். அமெரிக்க எல்லை கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் இருக்கிறது, அந்தப் பக்கத்து மாநிலம் சட்டபூர்வமாக்கியிருந்தாலும் பொருட்டில்லை. இலங்கையில் வீட்டில் வளர்ப்பது குற்றம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பூவும் காய்க்கொத்தும்தான் கஞ்சா என்று வரையறுத்து, தனியாக இருக்கும் இலையையும் விதையையும் அந்த வரையறைக்கு வெளியே வைக்கிறது. ஆனால் செடி வளர்ப்பதற்குப் பத்து வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதை வாசிக்கும் தமிழ்நாட்டு வாசகர் மொட்டைமாடித் தொட்டியைப் பார்த்து யோசிக்க வேண்டாம். சிங்கப்பூர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கனடாவில் வந்து புகைத்தாலும் அவர்கள் நாட்டுச் சட்டத்தில் அது குற்றம். அங்கே 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. 2023 ஏப்ரலில் ஏறத்தாழ ஒரு கிலோ கஞ்சா வழக்கில் தூக்கிலிடப்பட்டவர் ஒரு தமிழர்.

மருமகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லீஸைத் தேடி எடுத்தான். ஏழாம் பக்கத்தில் வீட்டுக்காரர் ஒரு வரி எழுதியிருந்தார்: கஞ்சா வளர்க்கவோ புகைக்கவோ கூடாது. இந்தக் கோடை அந்தப் பெரிய பூச்சாடியில் அவன் மிளகாய் வைத்திருக்கிறான்.